“வல்லம் எதைக் குறிக்குது சார்?” – நாவலில் மையப்பொருளும் குறியீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, சாயல்குடி, தொண்டி பக்கத்துப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நாவல் நடத்தும் ஆசிரியர்கள் கேட்டவை, வகுப்பில் பிள்ளைகள் கேட்டவை எல்லாம் கலந்து இங்கே இருக்கின்றன. எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு நாவல்களையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று, வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977). வல்லத்தில் (மரப்பலகை நாட்டுப்படகு) மீன்பிடித் தொழில் செய்யும் குரூஸ் மிக்கேல், அதை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்லும் வாத்தியார் மகன், சாமிதாஸை விரும்பும் மகள் பிலோமி, கரையில் வல்லக்காரர்களுக்கும் லாஞ்சிக்காரர்களுக்கும் (விசைப்படகு வைத்திருப்பவர்கள்) மூளும் பகை: இதுதான் களம்.

மற்றது ஹெமிங்வே 1952இல் வெளியிட்ட நாவல். தமிழில் ‘கடலும் கிழவனும்’ என்ற பெயரில் கிடைக்கிறது. கியூபாவில் ஹவானா பக்கம், 84 நாளாக மீனே படாத சாந்தியாகோ என்ற கிழவர் 85ஆம் நாள் தனியாக வெகுதூரம் போய், 18 அடி நீள மார்லின் மீனைப் பிடிக்கிறார். கரை சேர்வதற்குள் சுறாக்கள் அதைத் தின்றுவிடுகின்றன. படகோடு கட்டிய எலும்புக்கூடுதான் கரைக்கு வருகிறது. மார்லினும் நம் மயில் மீனும் ஒரே குடும்பம் என்று சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் அளவைப் பிடித்துக்கொள்வார்கள்.

கதைச்சுருக்கம் நன்றாக எழுதுகிறார்கள். மையப்பொருள் கேட்டால் ‘கடல்’, ‘வறுமை’ என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறார்களே?

அந்தச் சொல்லை அடித்துவிட வேண்டாம். அது நாவலின் பேசுபொருள். அதைப் பற்றி நாவல் என்ன சொல்ல வருகிறது என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். அதற்கு வரும் பதில் முழு வாக்கியமாக இருக்க வேண்டும். ஒருவர் சொன்னால் இன்னொருவர் மறுப்பதற்கு அதில் இடம் இருக்க வேண்டும்.

‘இந்நாவல் மீனவர் வாழ்க்கையைச் சித்திரிக்கிறது’ என்பதை யாராலும் மறுக்க முடியாது. அதனாலேயே அதை வைத்துக்கொண்டு ஒரு பத்திகூட எழுத முடியாது. ‘தொழில் மாறும்போது வருமானத்துக்கு முன்னால் உறவுகள் முறிந்துவிடுகின்றன என்று கடல்புரத்தில் காட்டுகிறது’ என்று ஒரு பெண் எழுதட்டும். “அப்படியெல்லாம் இல்ல, காசுதான் மொதல்ல உதைக்குது” என்று பக்கத்து பெஞ்சிலிருந்து ஒருவன் சண்டைக்கு வருவான். ரெண்டு பேரையும் உட்கார வைத்து, அவரவர் பக்கத்துக்கு நாவலிலிருந்து ஒவ்வோர் இடம் காட்டச் சொல்லுங்கள். மையப்பொருளை நடத்துவது என்பது பெரும்பாலும் இந்தச் சண்டையை நடத்துவதுதான்.

எல்லா நாவலுக்கும் கடைசியில் ‘உழைப்பே உயர்வு தரும்’ என்று நீதி எழுதிவிடுகிறார்கள்.

முதல் வகுப்பிலிருந்து ஆத்திசூடியும் நீதிக்கதையும் படித்து வந்த பிள்ளைகள் வேறு என்ன எழுதுவார்கள்? அவர்கள்மேல் குறையில்லை. ஆனால் நீதி என்பது வாசகன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது. மையப்பொருள் உலகம் இப்படி இருக்கிறது என்று நாவல் கண்டு சொல்வது. அதில் கட்டளை இருக்கவேண்டிய அவசியமில்லை.

இதைப் புரியவைக்கக் ‘கடலும் கிழவனும்’ போல வசதியான நூல் கிடையாது. சாந்தியாகோ உழைக்காத உழைப்பா? கையில் மிஞ்சியது எலும்பு. ‘உழைப்பே உயர்வு தரும்’ என்று எழுதியவனை எழுப்பி, “உயர்வு எங்கேடா தம்பி, எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டு” என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் புரட்டிவிட்டு, “மீன் போச்சு சார், ஆனா...” என்று இழுப்பான். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு வருவதை எழுதச் சொல்லுங்கள்.

குறியீட்டை எங்கிருந்து தொடங்குவது? இலக்கணமாகச் சொன்னால் கண் சொருகிவிடுகிறது.

நாவலுக்குள் போவதற்கு முன் ஒரு வகுப்பை நற்றிணை 172க்குக் கொடுத்துவிடுங்கள். சங்க இலக்கியத்தின் நெய்தல், அதாவது கடற்கரைத் திணைப் பாட்டு. தலைவியும் தோழிகளும் விளையாடும்போது வெள்ளை மணலில் ஒரு புன்னைக் காயை அழுத்திவிட்டு மறந்துபோகிறார்கள். அது முளைத்துவிடுகிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். ‘உங்களைவிடச் சிறந்தது இது, உன் கூடப்பிறந்தவள்’ என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இப்போது தலைவன் வந்து அந்த மரத்தடியில் நிற்கிறான். இதன் கீழ் உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது, வேறு நிழலும் இருக்கிறதே என்கிறாள் தோழி.

‘புன்னை எதைக் குறிக்கிறது?’ என்று கேட்காதீர்கள். ‘அந்த மரம் அங்கே இல்லாவிட்டால் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். சந்திப்பு நடந்திருக்கும், அவ்வளவுதான் என்பார்கள். மரம் நிற்பதால் யார் உள்ளே வந்துவிட்டார்கள்? அம்மா வந்துவிட்டாள், வீடு வந்துவிட்டது, சின்ன வயது வந்துவிட்டது. “அக்கா பார்த்துக்கிட்டு நிக்கிற மாதிரி சார்” என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். புன்னை கடைசிவரை புன்னையாகத்தான் நிற்கிறது, நிழலும் தருகிறது. குறியீடு என்ற சொல்லை அதற்குப் பிறகு கரும்பலகையில் எழுதினால் போதும்.

அப்படியென்றால் நாவலில் வரும் எல்லாப் பொருளும் குறியீடுதானா? காக்கை பறந்தால்கூட எழுதுகிறார்கள்.

இல்லை. முதல் சுற்றில் எல்லாவற்றையும் பிடிப்பார்கள், விடுங்கள். இரண்டாம் சுற்றில் கழிக்க வைக்கலாம். ஒரு பொருள் திரும்பத் திரும்ப வருகிறதா? கதை திரும்பும் இடங்களில் வருகிறதா? அதன் விலைக்கு மீறி யாராவது அதற்காக அழுகிறார்களா, அடித்துக்கொள்கிறார்களா? அதை எடுத்துவிட்டால் கதை ஒரு சேதமும் இல்லாமல் நகருமா? ஒருமுறை பறந்துவிட்டுப் போன காக்கை இதில் எங்கும் நிற்காது. குரூஸ் மிக்கேலின் வல்லம் எல்லாவற்றிலும் நிற்கும். காசு தேவைப்படும்போதும், மகன் கூப்பிடும்போதும், விற்கமாட்டேன் என்று ஒரு மனிதர் பிடிவாதம் பிடிக்கிறார் என்றால் அது வெறும் மரப்பலகைக்காக இருக்காது.

இதில் நம் பக்கத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. காற்றையும் கடலையும் குறியீடாக்குவதற்கு முன் பருவத்தைக் கேளுங்கள். வடகிழக்குப் பருவத்தில் வாடைக்காற்று அடிக்கும்போது வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், கொந்தளிக்கும். பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அதே நாளில் அடங்கிக் கிடக்கும். ஆடிக் காற்றில் இது தலைகீழாகும். ஆகவே, ‘கடல் கொந்தளித்தது, இது நாயகனின் மனக்கொந்தளிப்பைக் குறிக்கிறது’ என்று எழுதியவளிடம் தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன், “எந்தக் கடல்? எந்த மாசம்?” என்று கேட்டால் அதைக் குறும்பு என்று அடக்கிவிடாதீர்கள். அந்த மாதத்தில் எப்படியும் கொந்தளிக்கும் கடல் என்றால், நாவலாசிரியர் அதை எழுதியதில் சிறப்பு என்ன என்று யோசிக்க வேண்டும். அடங்கிக் கிடக்கவேண்டிய மாதத்தில் கொந்தளித்தால் அது வேறு கதை.

‘கடல் = வாழ்க்கை, படகு = உடல், வலை = விதி’ என்று நோட்ஸில் அட்டவணையே இருக்கிறது. அதை மனப்பாடம் செய்தால் என்ன தவறு?

அந்தச் சமன் குறிதான் தவறு. ஒரு பொருளுக்கு ஒரு பொருள்தான் என்று எழுதிவிட்டால் அதன்பிறகு நாவலைத் திறக்கவேண்டிய தேவை போய்விடுகிறது. குறியீட்டின் பொருள் கதை நகர நகர மாறும். அந்த மாற்றத்தைப் பிடிப்பதுதான் வாசிப்பு.

இதற்கு நான் வகுப்பில் செய்யச் சொல்வது மிகச் சாதாரணமான ஒரு வேலை. ஒரு தாளில் ஒரே ஒரு பொருளின் பெயரை மேலே எழுதிக்கொண்டு, நாவலில் அது வரும் ஒவ்வோர் இடத்தையும் பக்க எண்ணோடு குறிக்க வேண்டும். அப்போது அது யார் கையில் இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாறியிருக்கிறது? இவ்வளவுதான். ‘எதைக் குறிக்கிறது’ என்ற கேள்விக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது.

‘கடலும் கிழவனும்’ நாவலில் பாய்மரத்தை இப்படிப் பின்தொடரலாம். முதல் பக்கத்திலேயே பாய் வருகிறது. மாவுச் சாக்கால் ஒட்டுப்போட்ட பாய். சுருட்டிக் கட்டினால் நிரந்தரத் தோல்வியின் கொடிபோல் இருக்கிறதாம். அன்று மாலை கிழவர் பாய்மரத்தைத் தோளில் தூக்கிக்கொள்ள, தூண்டில் கயிற்றுப் பெட்டியையும் மற்ற சாமான்களையும் சிறுவன் மனோலின் எடுத்துக்கொள்கிறான். மறுநாள் விடியுமுன் இருட்டில், வெறுங்காலோடு பலரும் தங்கள் பாய்மரங்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அப்போது அது ஊரின் தொழில், எல்லோர் தோளிலும் இருக்கிறது. நடுக்கடலில் மீனைக் கட்டிக்கொண்டு திரும்பும்போது, தோல்விக் கொடி என்று சொல்லப்பட்ட அதே ஒட்டுப் பாய்தான் காற்றை வாங்கி அவரைக் கரைக்குக் கொண்டுவருகிறது. கடைசியில், ஊர் தூங்கிவிட்ட நேரத்தில், உதவிக்கு ஆளில்லாமல் அவரே பாய்மரத்தைத் தோளில் ஏற்றி மேட்டில் நடக்கிறார். பாரத்தோடு விழுகிறார். குடிசை போய்ச் சேர்வதற்குள் ஐந்து தடவை உட்கார்கிறார்.

இவ்வளவையும் ஒரு தாளில் வரிசையாகப் பார்த்த பிள்ளையிடம் ‘பாய்மரம் = தோல்வி’ என்று சொல்லிப் பாருங்கள், சிரிக்கும்.

மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது கடினம் என்று பயிற்சியில் சொன்னார்களே?

எனக்கு அந்த அபிப்பிராயம் கிடையாது. நகரத்துப் பிள்ளை நோட்ஸைப் பார்த்துத் தெரிந்துகொள்வதை இவர்கள் கையால் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அதைக் கேட்க யாரும் இல்லை என்பதுதான் கதை.

ஓர் இடத்தைச் சொல்கிறேன். மார்லின் தூண்டிலைக் கவ்விவிட்டுப் படகையே இழுத்துக்கொண்டு போகிறது. சாந்தியாகோ கயிற்றைப் படகில் கட்டிவிடவில்லை. தன் முதுகில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, கை அறுந்து ரத்தம் வர, இரவும் பகலும் நிற்கிறார். ‘ஏன் கட்டவில்லை?’ என்று வகுப்பில் கேட்டால், தூண்டில் தொழில் தெரிந்த பிள்ளைக்கு உடனே பதில் வரும். “கட்டுனா அறுத்துட்டுப் போயிரும் சார். மீன் இழுக்கையில தங்கூஸ (தூண்டில் நரம்பு) விட்டுக்கொடுக்கணும், அசரையில சுத்தணும். கையில இருந்தாத்தான் அது தெரியும்.” நாவலிலும் கிழவர் அதையேதான் யோசிக்கிறார்: கட்டிவிடலாம், ஆனால் மீன் அறுத்துவிடும்.

இப்போது அடுத்த கேள்வி. கயிறு படகில் இல்லாமல் உடம்பில் இருப்பதால் இந்த இரண்டு உயிருக்கும் நடுவில் என்ன ஏற்படுகிறது? மீனின் ஒவ்வோர் அசைவும் அவர் தோலுக்குத் தெரிகிறது. அதன்மேல் அவருக்கு இரக்கம் வருகிறது, மரியாதை வருகிறது. அப்படியும் கொல்லத்தான் போகிறார். பிடிப்பவனும் பிடிபட்டதும் ஒரே கயிற்றின் இரண்டு முனையில் இருக்கிறார்கள் என்பதற்கு இனி உரை வேண்டியதில்லை. தொழில் அறிவிலிருந்து நேராக மையப்பொருளுக்குள் வந்தாயிற்று. இந்த வழியில் வந்த பிள்ளைக்குத் தேர்வில் மறக்காது.

பெண்பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாம்பன், சின்னப்பாலம் பக்கத்தில் கடல்பாசி எடுக்கப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள் இருப்பார்கள். நாவலில் கரையில் நிற்கும் பெண்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை அவர்கள் பார்ப்பதுபோல் மற்றவர்கள் பார்ப்பதில்லை. பிலோமியைப் பற்றிய பேச்சு அவர்களிடமிருந்து தொடங்கட்டும்.

தங்கள் வாழ்க்கையை நாவல்மேல் ஏற்றிவிடுகிறார்கள். ‘வெகுதூரம் போய்விட்டேன்’ என்று கிழவர் சொல்வதைப் படித்ததும் எல்லை தாண்டிப் பிடிபட்ட படகுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ராமேஸ்வரத்தில் அந்த வரியைப் படித்துவிட்டு அதைப் பேசாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் கடலில் போட்ட கோடு, கச்சத்தீவு, சிறை, நாட்டுடைமையாக்கப்பட்ட படகு: இதெல்லாம் சில பிள்ளைகளுக்குச் செய்தி இல்லை, வீட்டு விஷயம். பேசவிடுங்கள். யாருடைய அப்பா, எப்போது என்று நீங்களாகக் கேட்காதீர்கள், அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு நாவலுக்குத் திரும்ப ஒரு பாலம் வேண்டும். ‘சாந்தியாகோவின் தூரமும் நம் தூரமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன?’ என்று இரண்டு பக்கமாக எழுதச் சொல்லலாம். அவருக்குக் கோடு போட்டவர் யாரும் இல்லை. அவர் தூரம் அவரே எடுத்த முடிவு. 84 நாள் கிடைக்காததால், மற்றவர்கள் போகிற இடத்தைத் தாண்டிப் போகிறார். மீன் போனதற்குச் சுறாவைக்கூட அவர் முழுக்கக் குறை சொல்வதில்லை, தான் போன தூரத்தைச் சொல்கிறார். நம் கடலில் தூரத்தைத் தீர்மானிப்பதில் சம்மாட்டியின் (படகு முதலாளி) கடனும் மீனின் வரத்தும் இரண்டு அரசாங்கமும் இருக்கின்றன. ஆனால் ‘பிழைப்புக்காக ஒருவன் எவ்வளவு தூரம் போகலாம்’ என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. மையப்பொருள் அந்தப் பொது இடத்தில் இருக்கிறது. வித்தியாசத்தை எழுதாமல் பொதுவை மட்டும் எழுதினால் அது நாவலைப் பற்றிய கட்டுரையாக இருக்காது.

“இதெல்லாம் எழுத்தாளர் நினைச்சே இருக்க மாட்டார் சார், நீங்களா சொல்றீங்க” என்று ஒரு பையன் எழுந்து சொன்னால்?

அவனை உட்காரச் சொல்லாதீர்கள், அவன் பக்கம் பெரிய சாட்சியே இருக்கிறது. 1952 செப்டம்பரில் கலை விமர்சகர் பெர்னார்ட் பெரன்சனுக்கு எழுதிய கடிதத்தில் ஹெமிங்வே, இதில் குறியீடு எதுவும் கிடையாது, கடல் கடல்தான், கிழவர் கிழவர்தான், சுறாக்கள் சுறாக்கள்தான் என்கிற பொருளில் சொல்லியிருக்கிறார். இதைப் படித்துக் காட்டினால் வகுப்பு கைதட்டும்.

கைதட்டி முடித்தபின் அடுத்ததையும் சொல்லுங்கள். 1954இல் ஒரு பேட்டியில், தான் நிஜமான கிழவரையும் நிஜமான கடலையும் நிஜமான மீனையும் படைக்க முயன்றதாகவும், அவற்றைச் சரியாகவும் உண்மையாகவும் படைத்திருந்தால் அவை பலவற்றைப் பொருள்படுத்தும் என்றும் அவரே சொன்னார். அந்தப் பையனும் இந்தப் பேட்டியும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: முதலில் கடல் கடலாக இருக்க வேண்டும்.

எழுத்தாளர் மனத்தில் என்ன இருந்தது என்று நாம் யாரும் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. நூலில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியும். ஆகவே விடைத்தாளில் ‘ஆசிரியர் இதைக் குறியீடாகப் படைத்துள்ளார்’ என்பதற்குப் பதிலாக ‘இந்தக் காட்சியில் இது இப்படி வேலை செய்கிறது’ என்று எழுதப் பழக்குங்கள்.

வேறு வேறு மதத்துப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் சிலுவைபோன்ற குறியீடுகளை எப்படி எடுப்பது?

தங்கச்சிமடத்துக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குப் பாரத்தோடு மேட்டில் ஏறி விழும் கிழவரைப் பார்த்ததும் தவக்காலச் சிலுவைப்பாதை ஞாபகம் வந்துவிடும். கீழக்கரை முஸ்லிம் பிள்ளைகளுக்கு வராது. வரவில்லை என்பது குறையில்லை. தெரிந்தவர் சொல்ல, மற்றவர் ‘நூலில் எங்கே?’ என்று கேட்கட்டும். இந்த நாவலில் சான்று இருக்கிறது. சுறாக்களைக் கண்டதும் கிழவர் வாயிலிருந்து வரும் சத்தம், ஆணி கைவழியாக மரத்தில் இறங்குவதை உணரும் மனிதன் எழுப்பும் சத்தம் என்று விவரிக்கப்படுகிறது. கடைசியில் அவர் கைகளை நீட்டி, உள்ளங்கை மேலே தெரியக் குப்புறத் தூங்குகிறார். சான்று உள்ளவரை போகலாம். அதைத் தாண்டிக் கிழவரை இயேசுவாகவே ஆக்கிவிட்டால், மறுபடி சமன் குறி வந்துவிடும்.

எந்த நாவலுக்கும் தனுஷ்கோடியை இழுத்துவிடுகிறார்கள்.

ஆமாம், நம் மாவட்டத்துக் கட்டுரைகளின் நிரந்தர நோய் இது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல், அலையில் போன ரயில், இடிந்து நிற்கும் தேவாலயம். ‘தனுஷ்கோடி அழிவின் குறியீடு’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் கனம் வந்துவிடுகிறது என்று நினைக்கிறார்கள்.

இதையே பாடமாக்கிவிடலாம். யாருக்கு அழிவு? ராமேஸ்வரத்திலிருந்து வேனில் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவருக்கு அது இடிபாடு. இன்றும் அங்கே குடிசை போட்டுக் கரைவலை இழுக்கிறவருக்கு அது தொழில் பார்க்கும் இடம். மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பவருக்கு அது வீடு. பொருள் ஒன்று, கண் வேறு. நாவலிலும் குறியீடு எந்தக் கதாபாத்திரத்தின் கண் வழியாக வருகிறது என்று கேட்கவேண்டியிருக்கிறது. ‘கடலும் கிழவனும்’ முடியும் இடத்தில் சுற்றுலா வந்த ஒரு பெண், கரையோரத் தண்ணீரில் கிடக்கும் அந்த நீள எலும்பையும் வாலையும் பார்த்து என்ன என்று கேட்கிறாள். நடந்ததை விளக்க வந்த பணியாள் சுறா என்ற சொல்லில் தொடங்க, அவள் அந்த எலும்பே சுறாவினுடையது என்று எடுத்துக்கொண்டு, சுறாவுக்கு இவ்வளவு அழகான வால் உண்டு என்று தெரியாதே என்கிறாள். மூன்று நாள் பாடு, ஒரு வாயில் இப்படி ஆகிவிடுகிறது. தனுஷ்கோடிப் பேச்சுக்குப் பிறகு இந்தக் காட்சியை வாசித்துக் காட்டுங்கள், விளக்கவே வேண்டாம்.

தொல்காப்பியத் திணைக் கோட்பாட்டை நாவலுக்குப் பயன்படுத்தலாமா?

தாராளமாக, ஓர் எல்லைவரை. நிலமும் பொழுதும் முதலில், அந்த நிலத்து மரம், பறவை, தொழில், மக்கள் என்ற கருப்பொருள் அடுத்து, இவற்றின் வழியாக வெளிப்படும் மனநிலை உரிப்பொருள் என்ற வரிசை, நாவலைப் படிக்க நல்ல வரிசை. நெய்தலுக்கு எற்பாடு (சூரியன் சாயும் வேளை), புன்னை, சுறா, மீனும் உப்பும், இரங்கல். கடற்கரை நாவலை எடுத்தால் மாலைப் பொழுதில் என்னென்ன நடக்கிறது என்று மட்டும் பொறுக்கச் சொல்லிப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். உள்ளுறைக்கு (சொல்ல வந்ததை நிலக்காட்சிக்குள் மறைத்து வைப்பது) தெய்வம் நீங்கலான கருப்பொருள்கள்தான் இடம் என்பதும் யோசிக்கத் தக்கது. மரமும் மீனும் வலையும் போதும் என்கிறது அந்த மரபு.

எல்லை எங்கே என்றால், திணையில் வரலாறு கிடையாது. லாஞ்சி வந்தது, கடன் வந்தது, பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற ஏற்பாடு வந்தது. இதையெல்லாம் இரங்கலுக்குள் அடக்கிவிட்டால் நாவலின் கோபம் காணாமல் போய்விடும்.

ஆளுக்கொரு விளக்கம் எழுதினால் எப்படி மதிப்பெண் போடுவது? தேர்வில் நோட்ஸ் பதிலைத்தானே எதிர்பார்க்கிறார்கள்?

விளக்கத்துக்கு மதிப்பெண் போடாமல், விளக்கத்துக்கும் சான்றுக்கும் நடுவில் உள்ள பிணைப்புக்குப் போடுங்கள். இரண்டு விடைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். ஒன்று:

‘இந்நாவலில் பாய்மரம் ஒரு சிறந்த குறியீடாக விளங்குகிறது. ஆசிரியர் இதனைத் திறம்படக் கையாண்டுள்ளார். இது வாழ்வின் சுமையைக் குறிக்கிறது.’

மற்றது:

‘தொடக்கத்தில் பாய்மரத்தைக் கிழவரும் மற்ற சாமான்களைச் சிறுவனும் தூக்கி வருகிறார்கள். முடிவில் அதே பாய்மரத்தைக் கிழவர் ஆளில்லாமல் தூக்கி, வழியில் ஐந்து முறை உட்கார்கிறார். மரத்தின் எடை கூடவில்லை, பக்கத்தில் சிறுவன் இல்லை. கடலிலும் அவர் பலமுறை அந்தச் சிறுவன் இருந்திருக்கலாமே என்கிறார். மீன் போனதைவிடத் துணை இல்லாததே பெரிய இழப்பு என்று நாவல் சொல்வதாக நான் வாசிக்கிறேன்.’

இரண்டாவதில் அலங்காரம் இல்லை, இலக்கணப் பிழைகூட இருக்கலாம். ஆனால் அதை எழுதியவர் நூலைப் படித்திருக்கிறார். ‘மறுநாள் சிறுவன் வந்து கைகளைப் பார்த்து அழுகிறானே, துணை இல்லை என்று எப்படிச் சொல்லலாம்?’ என்று இன்னொருவர் எழுதினால் அதற்கும் முழு மதிப்பெண்.

பொதுத்தேர்வைப் பொறுத்தவரை, நெடுவினாவுக்குத் தேவையான முன்னுரை, உட்தலைப்பு எல்லாம் பழக்கத்தான் வேண்டும். உட்தலைப்புக்குள் இரண்டாவது வகைப் பத்தி ஒன்று வந்துவிட்டால் எந்தத் திருத்துநரும் குறைக்கமாட்டார். வருடம் முழுக்க நோட்ஸை மூடிவைத்துவிட்டுக் கடைசி மாதம் வடிவத்தை மட்டும் பழக்கினால் போதும் என்பது என் கணிப்பு.

படிக்கவே மாட்டேன் என்கிறார்களே, பிறகு எங்கே குறியீடு?

முதல் அத்தியாயத்தை வகுப்பில் சத்தமாக வாசியுங்கள், முழுவதும். நடுவில் நிறுத்தி விளக்க வேண்டாம். மீதியை விடுமுறைக்கு விடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும், கோடை விடுமுறையும் அதோடு சேர்ந்து வருகிறது. வீட்டில் வலை பின்னிக்கொண்டிருக்கும் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ இரண்டு பக்கம் வாசித்துக் காட்டி, ‘இது சரியா?’ என்று கேட்டு வரச் சொல்லுங்கள். “நைலான் வராத காலத்துல இப்படித்தான்டா” என்றோ “இவன் கடலுக்கே போனதில்ல” என்றோ ஒரு விமர்சனம் வரும். அதை எழுதிவருவதுதான் விடுமுறை வீட்டுப்பாடம்.

எங்கள் பிள்ளைகள் முதுகுளத்தூர்ப் பக்கம், கடலே பார்த்ததில்லை.

கண்மாயையும் பனையையும் சீமைக்கருவேலத்தையும் பார்த்திருக்கிறார்கள் அல்லவா. கரிசல் நாவல் எதையாவது எடுத்துக்கொண்டு, ஒரே பொருளைப் பின்தொடரும் தாளை அங்கே போடுங்கள். முறை ஒன்றுதான்.

அடுத்து எந்த நாவலை எடுக்கலாம்?

வாலிநோக்கம் பக்கத்தில், உப்பளம் தெரிந்த பிள்ளைகள் இருக்கும் வகுப்பு என்றால் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் கதை. உப்பைப் பின்தொடர்ந்தாலே பாதி நாவல் கைக்கு வந்துவிடும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பிள்ளைகளுக்குத் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988). குமரி மாவட்டக் கடற்கரைப் பேச்சு முதல் சில பக்கங்களில் தடுமாற வைக்கும், வாசித்துக் காட்டினால் சரியாகிவிடும். ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) பெரிய நூல், பள்ளிக்கு முழுதாக வேண்டாம். கல்லூரி முதலாண்டில் கட்டுமரம் வரும் பகுதிகளை மட்டும் பிரித்துக் குழுக்களுக்குக் கொடுத்தால், ஒரு பருவத்துக்குள் முடித்துவிடலாம்.